முறைக்கு முதல் நாள் ஊசி

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் இறைக்கும் கமலையிலிருந்து விழுந்து கால் போனது என்றுதான் என் மகள்கள் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். போன பொங்கலுக்கு வந்த பேத்தி என்னிடமே வந்து, தாத்தா எந்தப் பக்கமாக விழுந்தார் என்று கேட்டாள். விழவில்லை. அவர் ஒரு நாளும் கமலை வடத்திலிருந்து விழுந்த ஆள் இல்லை. அவருடைய வலது கால் போனது செம்பட்டியில் ஒரு காப்பிக் கடைக்குப் பக்கத்து அறையில். நான் கூட நிற்கும்போது, நான் சொல்லிப் போட்ட ஊசியில். அதற்கப்புறம் பதினாறு வருஷம் அந்தக் காலை இழுத்துக்கொண்டு இருந்தார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இருந்தாலும் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாராவது எழுதினால் எனக்காக இரண்டு சொல்லைக் குறைத்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் செம்பட்டியிலிருந்து நடந்து போகிற தூரம். ஒரு கிணறு, இரண்டு பங்கு. மூத்தவர் என் வீட்டுக்காரர், இளையவர் என் கொழுந்தன். மாமனார் உயிரோடு இருந்தபோதே நிலத்தைப் பிரித்துவிட்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது, அதனால் நாளைப் பிரித்தார்கள். சனி, ஞாயிறு, திங்கள் எங்கள் முறை. செவ்வாய், புதன், வியாழன் கொழுந்தன் முறை. வெள்ளிக்கிழமை ஊற்று ஊறட்டும் என்று கிணற்றைச் சும்மா விடுவோம்.

பிரிக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேச்சு வைத்தார்கள். கூலி ஆள் வடத்தில் ஏறக் கூடாது என்பது ஒன்று. மாமனார் காலத்தில் ஒரு கூலி ஆள் அவசரப்பட்டு மாட்டைப் பின்னால் தள்ளப் போய் ஒரு காளை கிணற்றுக்குள்ளே போய்விட்டது, அதனால் அந்தப் பேச்சு. இன்னொன்று, தன் முறையில் ஒருவன் மாடு பூட்டவில்லை என்றால் அந்த நாளை அடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியதில்லை.

கொழுந்தனுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். மூன்றும் வாட்டசாட்டமாக வளர்ந்து நின்றன. எனக்கு இரண்டும் பெண். எங்கள் முறையில் வடத்தில் உட்கார என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அதைக் கொழுந்தனும் எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கமலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவுத் தடம் இறங்கும். மாடுகள் அதில் இறங்க இறங்க வடம் உருளையில் ஓடி, தண்ணீர் நிரம்பிய சால் மேலே வரும். மாட்டுக்குப் பாரம் குறைய வேண்டும் என்று ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு சரிவில் போவார். சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டியதும் வடம் சட்டென்று தளரும். உட்கார்ந்தவர் தொப்பென்று இறங்கிக் கால் ஊன்ற வேண்டும். பிறகு மாட்டைப் பின்னாலேயே நடத்தி மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மறுபடி ஏறி உட்கார வேண்டும். விடியலிலிருந்து வெயில் ஏறும் வரை இதேதான். என் வீட்டுக்காரர் மீசை முளைக்காத வயதில் ஏறியவர். நான் சொல்கிற வருஷம் அவருக்கு நாற்பத்து நாலு, எனக்கு முப்பத்திரண்டு. நயா பைசா புழக்கத்துக்கு வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

வலி அவருக்கு அதற்கும் ரொம்ப முன்பே இருந்தது. காலையில் நேராக எழுந்திருக்க மாட்டார். பக்கவாட்டில் உருண்டு, முழங்கையை ஊன்றி, சுவரைப் பிடித்து எழுவார். தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். நொச்சித் தழையைக் கட்டினேன். எட்டு நாள் செய்தேன், ஒன்பதாவது நாள் எனக்கு அலுத்துவிட்டது. உடம்பில் காயம் இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வலியை நான் எப்படி நம்புவது? நான் பிறந்த வீட்டில் இரண்டு கிணறு. என் அப்பா பாம்பு கடித்த காலோடு வயலுக்குப் போன மனுஷர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் நான்.

அவர் எழுந்து நடக்கட்டும் என்று சோற்றை அவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாமல் அடுப்பங்கரையிலேயே வைப்பேன். குழம்பை இந்த மூலையில், தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்தை அந்த மூலையில் வைப்பேன்.

"ஏ புள்ள, அந்த வெஞ்சனத்தக் கொஞ்சம் இப்படித் தள்ளு."

"வயித்துக்கு வேணும்னா இடுப்பு தானா வளையும், எந்திரிச்சு எடுங்க."

எழுந்து எடுப்பார். சில நாள் எடுக்காமல் வெறும் குழம்புச் சோற்றைத் தின்றுவிட்டுப் போவார். அப்போதும் நான் தள்ளவில்லை.

முறை நாளில் வீட்டிலிருந்து வேலி வரைக்கும் கம்பு ஊன்றி வருவார். வேலி வந்ததும் கம்பை நான் வாங்கிக்கொள்வேன். கொழுந்தன் வீடு கிணற்றுக்கு எதிரிலேயே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கம்பு தெரியும். கம்பு தெரிந்தால் எங்கள் முறை போய்விடும்.

தெரியாமலா போகும்? ஒரு திங்கட்கிழமை கொழுந்தன் வேலி ஓரம் வந்து நின்று பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"என்ன மதினி, அண்ணன் மாட்ட ஓட்டுதா, மாடு அண்ணன ஓட்டுதா?"

பின்னால் மூன்று பிள்ளைகளும் சிரித்தார்கள்.

"ஒங்க அண்ணன் மெதுவா எறைச்சாலும் எங்க பாத்தி நெறையுது கொழுந்தனாரே. ஒங்க வீட்டுல நாலு ஆம்பள இருந்தும் மொளகாச் செடி ஏன் வாடுது?"

"முடியலைன்னா சொல்லச் சொல்லுங்க மதினி. நாளு சும்மா கெடக்க வேணாம்ல. தம்பிதான், வேத்தாளா?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கத்தினேன். உங்களால் நான் அந்த ஆளிடம் பல்லைக் காட்ட வேண்டியிருக்கிறது என்றேன். பெண் பிள்ளைகள் இரண்டும் அம்மிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தன. அவர், "ஒரு நா மட்டும் நீ ஏறிப் பாக்குறியா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் மடை திருப்புவோம், களை எடுப்போம், வடத்தில் உட்காருவது கிடையாது. பக்கத்து ஊரில் புருஷன் செத்த ஒருத்தி வேறு வழியில்லாமல் ஏறினாள். அவளுக்குக் கமலைக்காரன் என்றே பேர் வைத்துவிட்டார்கள். காரி என்றுகூட இல்லை, காரன். சந்தையில் அவளைப் பார்த்து மாட்டை அதட்டுகிற மாதிரி அதட்டுவார்கள்.

"நான் வடத்துல ஏறுறேன். நீங்க என் சேலையக் கட்டிக்கிட்டு மடை திருப்புங்க. ஊரே வந்து பாக்கட்டும்," என்றேன்.

அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

திண்டுக்கல்லில் மெட்ராசில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் முதுகுக்குள்ளேயே ஊசி போடுகிறார் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டேன். வெங்காயம் நட்டு இருபது நாள். மாசி வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமையே கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் முதலில் மதுரைக்கு அனுப்பி எலும்புப் படம் எடுத்துவரச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"இங்க பாரும்மா. முதுகெலும்புல ஒவ்வொரு கண்ணிக்கும் ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன மூட்டு இருக்கு. கீழ இருக்கிற மூணும் தேஞ்சுபோச்சு. கதவுல கீல் தேயுதில்ல, அது மாதிரி. எலும்பும் எலும்பும் உரசுது."

"தேஞ்சத வளத்துருவீங்களா?"

"தேஞ்சது தேஞ்சதுதான். ஊசி வலிய அடக்கும், அவ்வளவுதான். எத்தன நாளைக்கு அடக்கும்னு ஆளப் பொறுத்தது. ஆனா ஒண்ணு. ஊசி போட்டா பத்து நாள் படுத்தே இருக்கணும். வலி இல்லைன்னு எந்திரிச்சு வேல பார்த்தா, தெரியாமலே இன்னும் தேயும். புரியுதா?"

புரிகிறது என்றேன். எனக்குப் புரிந்தது அதில் பாதிதான். ஊசி போட்டால் வலிக்காது, அது புரிந்தது. நாளைக்குச் சனிக்கிழமை.

அவரை ஒரு மேஜையில் குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்குக் கீழே தலையணை கொடுத்தார்கள். டாக்டர் கட்டை விரலால் எலும்பை ஒவ்வொன்றாக எண்ணி வந்து, ஈரம் பட்டால் ஊதாவாக எழுதுகிற காப்பிப் பென்சிலை நீரில் தொட்டு மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டார். ஊசியை வெந்நீரிலிருந்து இடுக்கியால் எடுத்தார்கள். என் ஆள்காட்டி விரல் நீளம் இருந்தது. அவர் துண்டை வாயில் கடித்துக்கொண்டார். முதல் குறியில் இறங்கும்போது கால் கட்டை விரல் இரண்டும் விறைத்தன. மூன்றாவதுக்கு முனகல்கூட இல்லை.

செத்த நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தார். கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைத் தடவினார். மடியில் வைத்த பொருளைக் காணாதவர் தேடுகிற மாதிரி தேடினார்.

"வலியக் காணோம்," என்றார் டாக்டரைப் பார்த்து.

திரும்பி வரும்போது எங்கள் நிறுத்தத்தில் பஸ் நிற்பதற்கு முன்னாலேயே குதித்து இறங்கினார். கண்டக்டர் திட்டினான். அவர் சிரித்தார். அவர் பல்லைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கு அப்போது தோன்றியது. அன்று மாலை சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு முனை வரை போய்வந்தார்.

விடியலில் எழுப்பினேன்.

"டாக்டரு பத்து நா படுக்கச் சொல்லிருக்காரு புள்ள."

"வலிக்குதா?"

"இல்ல."

"வலிக்காத மனுசன் படுத்துக் கெடந்தா அதுக்குப் பேரு என்னங்க?"

எழுந்து போனார். அந்த மூன்று நாளும் அவர் இறைத்த மாதிரி கல்யாணமான புதிதில்கூட இறைத்ததில்லை. எல்லாப் பாத்தியும் நிறைந்து வாய்க்காலில் மிச்சம் ஓடியது. நான் மண்வெட்டியோடு நின்று கொழுந்தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வெளியே வரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஊசி ஒன்றரை மாதம் தாங்கியது. பங்குனி முடிகிற நேரத்தில் ஒரு புதன்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முன்பு வலி இடுப்போடு இருந்தது. இப்போது தொடைக்கு இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை திண்டுக்கல் போனோம்.

"பத்து நாள் படுத்து இருந்தாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"கட்டில விட்டு எறக்கலைங்க. எல்லாம் நானே கையில கொண்டு குடுத்தேன்."

என் வீட்டுக்காரர் குப்புறப் படுத்திருந்தார். முகம் என் பக்கம்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் குறி போட்டார், ஊசி போட்டார். வரும் வழியில் பஸ்ஸில் இவர் சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார்.

"நெசத்தச் சொல்லிருக்கலாம்."

"சொன்னா அந்த மனுசன் ஊசி போட்டிருப்பாரா?"

"போட்டிருக்க மாட்டாரு. அதத்தான் சொல்றேன்."

மறுநாள் முறை. நான் எழுப்புவதற்கு முன்னாலேயே அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நான் ஒரு நாளும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறந்து எதுவும் கேட்பதையும் விட்டுவிட்டார். வெஞ்சனம் எந்த மூலையில் இருந்தாலும் தானே போய் எடுத்துக்கொண்டார். ஒரு தடவை முட்டி போட்டு நகர்ந்து போய் எடுத்தார். பெரியவள் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து எடுத்துக் கொடுக்கப் போனாள். அவள் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அப்பாவுக்கு எல்லாம் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அப்புறம் மடியில்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்றேன்.

இரண்டாவது ஊசி இருபது நாள் தாங்கியது. சித்திரை நடுவில் மறுபடி சுவரைப் பிடித்தார். வெங்காயம் திரள்கிற சமயம். இன்னும் நாலு முறை, அப்புறம் தாள் சாய்ந்து அறுவடை. சித்திரை வெயிலில் ஒரு முறை தவறினாலும் கிழங்கு சுண்டைக்காய் அளவோடு நின்றுவிடும். கொழுந்தனின் மூத்த பையன் எங்கள் பக்கத்து வடத்தை எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்ததை வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தேன். கேட்டதற்கு, "சும்மாதான் பெரியம்மா, காஞ்சு கெடந்துச்சு," என்றான்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவையாக அந்த மேஜையில் படுத்தார். டாக்டர் எலும்பை எண்ணி மூன்று குறியும் போட்டுவிட்டார். ஊசியை எடுக்கத் திரும்பியவர், வேட்டி கொஞ்சம் விலகியிருந்த இடத்தைப் பார்த்து நின்றார். வடத்தில் உட்காருகிறவர்களுக்குத் தொடையின் பின்பக்கம் காய்ப்பு விழும். அவருக்கு முப்பது வருஷத்துக் காய்ப்பு. அதன் மேலே அந்த வாரத்து முறையில் உரிந்த தோல் இன்னும் சிவப்பாக இருந்தது.

"இது என்னம்மா?"

"கயித்துக் கட்டிலுங்க. படுத்தே கெடக்காருல்ல, கயிறு அறுத்துருச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். சின்ன வயது மனுஷர்தான், முப்பத்தைந்து இருக்கும்.

"எங்க அப்பாவும் கமலை ஓட்டினவருதாம்மா. எங்கிட்டயே சொல்றியா?" பிறகு அவர் பக்கம் குனிந்து, "நீங்க சொல்லுங்க. இது கட்டில் கயிறா?" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் போதும், உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். நான் அவரை விடாமல் பார்த்தேன்.

"கட்டில் கயிறுதாங்க," என்றார்.

டாக்டர் இடுக்கியை வெந்நீர்ப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டார். "ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போங்க. அந்தத் தழும்பு ஆறி, புதுத் தோல் வந்தப்புறம் வாங்க, போடறேன். அதுவரைக்கும் என் கை ஊசியத் தொடாது," என்றார். நான் கெஞ்சவில்லை. கெஞ்சுவது எனக்குப் பழக்கம் கிடையாது. சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தேன்.

பஸ் செம்பட்டி முக்கில் நின்றதும் இறங்கச் சொன்னேன். அங்கே காப்பிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் கம்பவுண்டர் ஒருத்தர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்த ஆள் என்று சொல்வார்கள். காய்ச்சல், அசதி, பேதி எது என்றாலும் அவரிடம் ஊசி உண்டு.

"வேணாம் புள்ள," என்றார் இவர், வாசலில் நின்று.

"நாளைக்கு முறை."

"ஒரு முறை போனாப் போகுது."

"ஒண்ணு போனா ஒண்ணோட நிக்குமா? ஒங்க தம்பி மகன் வடத்துக்கு எண்ணெய் போட்டு வச்சிருக்கான். நீங்க உசுரோட இருக்கும்போதே நான் அவங்க முன்னால தலையக் குனியணுமா?"

உள்ளே போனார்.

கம்பவுண்டரிடம், திண்டுக்கல் டாக்டர் போடுவதாக இருந்தது, மருந்து தீர்ந்துவிட்டதால் இங்கே போட்டுக்கொள்ளச் சொன்னார் என்றேன். சட்டையைத் தூக்கிக் காட்டினேன். காப்பிப் பென்சில் குறி மூன்றும் ஊதா நிறத்தில் அப்படியே இருந்தன.

"டாக்டரே குறி போட்டுக் குடுத்துட்டாரா? பெறகென்ன," என்றார் கம்பவுண்டர். "முதுகுல நான் போட்டதில்ல. போட்டா என்ன, தோலுதான அங்கயும்."

"ஆழமாப் போகணும். இம்புட்டு ஊசி," என்று விரலைக் காட்டினேன்.

"அம்புட்டு நீளம் எங்கிட்ட இல்லம்மா. இருக்கிறத வச்சு அழுத்திப் போடுறேன்."

மருந்து சிவப்பாக இருந்தது. பெஞ்சில் படுக்க இடமில்லை, குனிந்து மேஜையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். முதல் குறியில் ஒன்றும் இல்லை. இரண்டாவது குறியில் ஊசியை உள்ளே விட்டு ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினார். என் வீட்டுக்காரர் கத்தினார். அறுக்கிற ஆட்டின் சத்தம் அது. வலது கால் தானாக உதறி மேஜைக் காலில் போய் மோதியது. காப்பிக் கடையில் இருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"நரம்பு கொஞ்சம் கூச்சப்படும். சரியாப் போயிரும் அப்பு," என்றார் கம்பவுண்டர். மூன்றாவது குறிக்குப் போகவில்லை.

நடக்கச் சொன்னேன். இடது காலை வைத்தார். வலது கால் தரையை விட்டுத் தூக்கவில்லை, பாதம் தொங்கிக்கொண்டு பின்னால் இழுபட்டு வந்தது. செருப்பு கழன்று விழுந்தது. மாட்டிவிட்டேன். மறுபடி கழன்றது. மூன்றாவது தடவை செருப்பை நான் கையில் எடுத்துக்கொண்டேன்.

"வலிக்குதா?" என்றேன்.

"தெரியலையே. கால் இருக்கிறதே தெரியலையே," என்றார். அழவில்லை. ரொம்ப ஆச்சரியப்பட்டவர் மாதிரி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாட்டு வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

விடியலில் அவர் எழ முயன்றார். உருண்டு, முழங்கையை ஊன்றி, சுவரைப் பிடித்து, எல்லாம் பழையபடி செய்தார். வலது கால் மடங்கிக் கீழே சரிந்தார். பெரியவள் ஓடிவந்து பிடித்தாள். இந்தத் தடவை நான் அவளை அடிக்கவில்லை.

கிணற்றடியில் மாட்டு மணி கேட்டது. எங்கள் மாடு இல்லை. போய்ப் பார்த்தால் கொழுந்தனின் பையன் நுகத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறான். கொழுந்தன் வேலியில் சாய்ந்திருந்தார். நேற்றைய செய்தி செம்பட்டியிலிருந்து எங்கள் வண்டிக்கு முன்னாலேயே அவர் காதுக்கு வந்திருந்தது.

"அண்ணனுக்கு ரொம்ப முடியலையாம்ல மதினி. கேட்டுச் சங்கடமாப் போச்சு. சரி, தண்ணி நிக்குது, நாங்க பூட்டிக்கிறோம்."

"இன்னைக்கு யாரு முறை?"

"ஒங்க முறைதான். ஆளு வேணும்ல?"

எங்கள் மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்தேன். அவன் தோளில் இருந்த நுகத்தடிக்கு எதிரே எங்கள் நுகத்தடியை இறக்கினேன். சேலையைத் தூக்கிக் கால்களுக்கு நடுவே வாங்கிப் பின்னால் இறுகச் செருகினேன். அதைப் பார்த்ததும் கொழுந்தன் வேலியை விட்டு நிமிர்ந்தார்.

"மதினி, என்னா செய்யிறீக? பொம்பள வடத்துல ஒக்காந்தா ஊத்து அடைச்சுப் போகும். பெரியவுக ஏத்துக்க மாட்டாக."

"எந்தப் பெரியவுக? கூலி ஆளு ஏறக் கூடாதுன்னுதான பேச்சு? நான் இந்த வீட்டுல கூலி ஆளா?"

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஒம்ம பையன மொதல்ல அந்தப் பக்கம் போகச் சொல்லும். மாடு மெரளுது."

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தலையை அசைத்தார். போனான்.

மாட்டுக்கு வேலை தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. முதல் சாலில் வடத்தில் உட்கார்ந்து சரிவில் இறங்கி, தண்ணீர் கொட்டிய உடனே வடம் தளர்ந்து நான் விழுந்த விழுகையில் வால் எலும்பிலிருந்து பிடரி வரை ஒரே இடி இடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் உப்புக் கரித்தது. எனக்கு முப்பத்திரண்டு வயது, தேய்ந்து போகாத எலும்பு. ஒரு சாலுக்கே அப்படி இருந்தது. பத்துச் சாலுக்குள் உள்ளங்கை உரிந்தது. இருபதுக்கு மேல் எண்ணவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தன் மாட்டை அதட்டுகிற மாதிரி அதட்டினான். பெரியவள் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு அவனைத் துரத்தப் போனாள். மடையைப் பாரடி என்று கத்தினேன். பாத்தி பாதிதான் நிறைந்தது. ஆனால் வெங்காயத் தாள் எங்கும் வாடி விழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என்னால் நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்க முடியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சின்னவள் அவருக்குப் பக்கத்தில் சோறு, குழம்பு, வெஞ்சனம் எல்லாவற்றையும் கை எட்டுகிற தூரத்தில் வைத்திருந்தாள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவர் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"என்னா, ஊசி போட்டுக்கிறியா?"

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னைக் குத்திப் பேசிய ஒரே பேச்சு அதுதான். எனக்குப் பதில் வராத பேச்சு இந்த உலகத்தில் வேறு எதுவும் கிடையாது.

உருண்டுதான் படுத்தேன், உருண்டுதான் எழுந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் முறை. போய் மாட்டைப் பூட்டினேன்.